கண்ணில் படாத கரும்பொருளை எப்படி எடை போடுகிறார்கள்?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன்: டார்க் மேட்டர் எனப்படும் கரும்பொருள் ஒளியை உமிழாது, உறிஞ்சாது, எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாது. ஆய்வகத்தில் இதுவரை அதன் ஒரு துகளைக்கூடப் பிடித்ததில்லை. அப்படியிருக்க, பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு அதுதான் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? கணக்கு இடித்த இடத்தில் இட்டு நிரப்பிக்கொண்ட ஒன்றுதானே?

சந்தேகம் நியாயமானது. ஒரே ஒரு கணக்கு மட்டும் இடித்திருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத வழிகளில், வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கருவிகளை வைத்து எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே அளவு பொருள் கணக்கில் வராமல் நிற்கிறது. அதைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் அடிப்படை. வானத்தில் இருக்கும் எதையும் நாம் தராசில் வைத்து நிறுத்ததில்லை. சூரியனின் நிறை நமக்கு எப்படித் தெரியும்? பூமி சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில், விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால், வேகம் கூடக் கூடக் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும் அல்லவா? அதேபோல அந்தத் தூரத்தில் அந்த வேகத்தில் ஓடும் பூமியைப் பிடித்துவைக்க எவ்வளவு இழுப்பு வேண்டும் என்று கணக்கிட்டால், அந்த இழுப்பைத் தரும் நிறை கிடைத்துவிடும். சூத்திரம் மிக எளிது: வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுக்க வேண்டும். சூரியன் ஒளிர்கிறதா இல்லையா என்ற கேள்வியே இதில் வரவில்லை. ஒளியில்லாத ஒன்று நடுவில் இருந்தாலும் இதே கணக்குதான்.

இப்படிக் காணாத பொருளைக் கணக்கால் கண்டுபிடித்தது புதிதும் இல்லை. யுரேனஸ் தன் பாதையில் சற்றுப் பிசகுவதை வைத்து, அதை இழுக்கும் இன்னொரு கோள் எங்கே இருக்க வேண்டும் என்று பிரான்ஸின் லெவெரியே கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் யோஹான் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. அதே லெவெரியே அப்புறம் புதனின் பாதையில் ஒரு பிசகைக் கண்டார். நூற்றாண்டுக்கு 43 ஆர்க்விநாடி (ஓர் ஆர்க்விநாடி என்பது ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு), அவ்வளவுதான். அதற்கும் காணாத ஒரு கோள்தான் காரணம் என்று நினைத்து அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தார்கள். பல வருடங்கள் தேடியும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் வந்து, ஈர்ப்பு விதியையே திருத்தியபோதுதான் அந்த 43 ஆர்க்விநாடி சரியாக விழுந்தது. ஆக, கணக்கு இடித்தால் இரண்டு வழிகள் உண்டு: காணாத பொருள், அல்லது திருத்த வேண்டிய விதி. கரும்பொருள் விஷயத்தில் விஞ்ஞானிகள் இந்த இரண்டையும்தான் இத்தனை வருடமாக மோதவிட்டுப் பார்த்துவருகிறார்கள்.

1933இல் கலிஃபோர்னியாவில் வானியலாளர் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி கோமா கேலக்ஸிக் கொத்தை எடுத்துக்கொண்டார். கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான விண்மீன்களின் தொகுதி; அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் ஈர்ப்பால் கட்டுண்டு கிடக்கும் கூட்டம் அது. கண்ணுக்குத் தெரியும் நிறையை மட்டும் வைத்துப் பார்த்தால் அவை ஒன்றுக்கொன்று விநாடிக்கு 80 கிலோமீட்டர் அளவில்தான் வேக வித்தியாசம் காட்ட வேண்டும். அளந்தால் 1,000 கிலோமீட்டர் அளவில் இருந்தது. அந்த வேகத்துக்கு அந்தக் கூட்டம் எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். தெரியும் பொருளைப் போல 400 மடங்கு பொருள் இருக்க வேண்டும் என்றார் ஸ்விக்கி. இன்று பார்த்தால் அந்த 400 மிகையானது. அன்றைக்கு வைத்திருந்த தூரக் கணக்கு தவறு. தவிர, கேலக்ஸிகளுக்கு இடையே கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் வாயு நிரம்பிக் கிடப்பது 1970களில் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள்கள் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த வாயுவின் நிறை, விண்மீன்கள் எல்லாம் சேர்ந்ததைவிடப் பல மடங்கு அதிகம். அதையும் சேர்த்துக்கொண்ட பிறகும் மொத்த நிறையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்பதுதான் விஷயம்.

ஸ்விக்கி சொன்னதைப் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலைமையை மாற்றியது அமெரிக்க வானியலாளர்கள் வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் செய்த வேலை. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அவர்கள் என்ன அளந்தார்கள் என்பதைப் பலரும் சொல்லாமலே தாண்டிவிடுகிறார்கள்.

சுழலும் ஒரு கேலக்ஸியைப் பக்கவாட்டில் சாய்வாகப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும், மறு பக்கம் விலகிப் போகும். நிறமாலைமானியின் மெல்லிய பிளவை அந்தக் கேலக்ஸியின் நீளவாக்கில் பொருத்தி ஒளியைப் பிரித்தால், ஹைட்ரஜன் வாயுவின் சிவப்புக் கோடு 656.3 நானோமீட்டரில் விழ வேண்டும். நம்மை நோக்கி வரும் பக்கத்தில் அது கொஞ்சம் நீலப் பக்கமும், விலகும் பக்கத்தில் கொஞ்சம் சிவப்புப் பக்கமும் நகரும். விநாடிக்கு 200 கிலோமீட்டர் வேகம் என்றால் நகர்வு 0.44 நானோமீட்டர்தான். மங்கலான ஒளியில் இவ்வளவு சிறிய நகர்வை அளக்க மின்னணு ஒளிபெருக்கிக் குழாயை வைத்து ஃபோர்டு உருவாக்கிய நிறமாலைமானி பேருதவி செய்தது. 1970இல் இருவரும் ஆந்த்ரோமெடா கேலக்ஸியில் 67 ஒளிரும் வாயுத் திட்டுகளின் வேகத்தை வெளியிட்டார்கள். பிறகு 1980இல் நார்பெர்ட் தொன்னார்டுடன் சேர்ந்து, சிறியதும் பெரியதுமாக 21 சுருள் கேலக்ஸிகள்.

என்ன எதிர்பார்த்தார்கள்? சூரியக் குடும்பத்தில் புதன் விநாடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது, பூமி 30, நெப்டியூன் 5.4. நிறை முழுக்க நடுவில் இருந்தால் விலக விலக வேகம் குறையத்தான் வேண்டும். கேலக்ஸியிலும் ஒளி நடுவில்தான் குவிந்திருக்கிறது, ஓரத்தில் மங்கிவிடுகிறது. ஆகவே ஓரத்தில் வேகம் விழ வேண்டும். விழவில்லை. படத்தில் அந்த ஹைட்ரஜன் கோடு நடுவில் வளைந்து, இரண்டு ஓரங்களிலும் நேராக ஓடியது. கோடு நேராக ஓடினால் வேகம் மாறவில்லை என்று அர்த்தம். முன்பு சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: வேகம் மாறாமல் தூரம் இரண்டு மடங்கானால், உள்ளே இருக்கும் நிறையும் இரண்டு மடங்காக வேண்டும். ஒளி தீர்ந்துபோன பிறகும் நிறை தீரவில்லை!

நம் பால்வீதியிலேயே நீங்கள் ஒரு தாளில் இதைச் செய்யலாம். சூரியன் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில், விநாடிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. கணக்குப் போட்டால் அந்தத் தூரத்துக்குள் சுமார் 9,000 கோடி சூரியன்களின் நிறை அடங்கியிருப்பது தெரியும். இது பெரிய ஆச்சரியம் இல்லை, இதில் பெரும்பகுதி விண்மீன்களாகவும் வாயுவாகவும் தெரிகிறது. வெளியே போகப் போகத்தான் இடைவெளி பெரிதாகிறது.

விண்மீன்கள் முடிந்த இடத்துக்கு அப்பால் எப்படி அளப்பது? ரேடியோ அலைகள். குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஒரு மெல்லிய அலையை வெளியிடுகிறது. இந்த வாயு, ஒளிரும் தட்டைத் தாண்டி வெகுதூரம் பரவிக் கிடக்கும். நெதர்லாந்தில் ஆல்பர்ட் போஸ்மா 1978இல் இதை வைத்து இரண்டு டஜன் கேலக்ஸிகளை அளந்து, தட்டையான வேகக் கோடு ஒளிக்கு வெளியேயும் தொடர்வதைக் காட்டினார். ரூபினுக்குக் கிடைத்த பெயரில் ஒரு பங்கு இந்த ரேடியோ வானியலாளர்களுக்கும் சேர வேண்டும் என்பது என் கருத்து. இந்தியாவுக்கும் இதில் இடம் உண்டு. புனேவுக்கு வடக்கே கோடாட் கிராமத்தில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 டிஷ்களைக் கொண்ட ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. என்ஜிசி 3741 என்ற குட்டிக் கேலக்ஸியை அதில் ஆராய்ந்தவர்கள், ஒளிரும் பகுதியைப் போல 8 மடங்கு தூரம் வரை வாயு சுழல்வதைக் கண்டார்கள். அந்த வாயுவின் வேகத்தைப் பார்த்தால், அங்கே தெரிகிற ஒளிக்கும் இருக்க வேண்டிய நிறைக்கும் சம்பந்தமே இல்லை. குட்டிக் கேலக்ஸிகளில் கரும்பொருளின் ஆதிக்கம் பெரிய கேலக்ஸிகளைவிட அதிகம்.

சரி, இதுவரை சொன்ன எல்லாமே வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு. வேகத்தை நம்பாத ஒருவருக்கு என்ன சொல்வது? ஒளியின் வளைவைக் காட்டலாம்.

நிறை இருக்கும் இடத்தைக் கடக்கும் ஒளி வளையும். 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது எடிங்டனின் குழுவினர் சூரியனின் ஓரத்தில் தெரிந்த விண்மீன்களைப் படம் எடுத்து இதை உறுதி செய்தார்கள். ஒரு கேலக்ஸிக் கொத்தும் அப்படித்தான் ஒரு வில்லையாக வேலை செய்யும் என்று 1937இல் எழுதியவரும் ஸ்விக்கியேதான். 1979இல் ஒரே குவேசார் (வெகுதூரத்தில் மிகப் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையம்) இரண்டாகத் தெரிவதைக் கண்டுபிடித்தார்கள், நடுவில் இருந்த கேலக்ஸி அதன் ஒளியை வளைத்திருந்தது. 1980களின் பின்பகுதியில் ஏபெல் 370 போன்ற கொத்துகளைச் சுற்றி நீண்ட ஒளி விற்கள் தெரிந்தன. ஒவ்வொரு வில்லும் பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் ஒரு கேலக்ஸியின் இழுபட்ட உருவம். எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளந்தால், வளைத்த நிறை எவ்வளவு, எங்கே என்று சொல்லிவிடலாம். இங்கே பொருள் ஓடுகிறதா நிற்கிறதா, கொத்து நிலையாக இருக்கிறதா சிதறுகிறதா என்பதெல்லாம் பொருட்டே இல்லை.

இப்படிக் கண்ணைப் பறிக்கும் விற்கள் அரிது. பெரும்பாலான இடங்களில் பின்னணிக் கேலக்ஸிகளின் வடிவம் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இழுபடும். தனியாக ஒரு கேலக்ஸியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, அது இயல்பிலேயே நீள்வட்டமாக இருக்கலாம். ஆயிரக்கணக்கானவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், இயல்பான வடிவங்கள் ஒன்றையொன்று அடித்துவிடும், பொதுவான இழுப்பு மட்டும் மிஞ்சும். அதிலிருந்து நிறையின் வரைபடத்தையே போட்டுவிடுகிறார்கள். பொறுமையான, அலுப்பான வேலை. ஆனால் கரும்பொருளின் இருப்பிடத்தை நேரடியாகக் காட்டுவது இதுதான்.

ஒரு கேலக்ஸிக் கொத்தின் நிறையை இப்போது மூன்று வழிகளில் அறியலாம்: கேலக்ஸிகளின் வேகம், சூடான வாயு வெளியே ஓடிவிடாமல் இருக்கத் தேவையான இழுப்பு, ஒளியின் வளைவு. மூன்றும் வேறு வேறு பிழைகளுக்கு இடம் தருபவை. ஆனாலும் விடைகள் அருகருகே வந்து நிற்கின்றன. மூன்றிலும் வாயு, விண்மீன் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான்.

இனி புல்லட் கொத்து. தெற்கு வானில், சுமார் 370 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கேலக்ஸிக் கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்துபோயிருக்கின்றன. கேலக்ஸிகளுக்கு இடையே இடம் தாராளம், அதனால் அவை மோதாமல் கடந்துவிட்டன. வாயு அப்படி இல்லை, முட்டி மோதி வேகம் குறைந்து நடுவில் தங்கிவிட்டது. சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் படத்தில் அந்த வாயுவின் முன்முனை துப்பாக்கித் தோட்டா பாய்ந்ததுபோலக் கூம்பாகத் தெரியும், பெயர் அதனால்தான். சாதாரணப் பொருளில் பெரும்பகுதி வாயு என்று முன்பே சொன்னேன். ஆகவே கரும்பொருள் என்று ஒன்று இல்லாவிட்டால், நிறை வரைபடத்தின் உச்சம் வாயு இருக்கும் நடுப்பகுதியில் விழ வேண்டும். 2006இல் டக்ளஸ் க்ளோவும் சகாக்களும் ஒளி வளைவை வைத்து வரைபடம் போட்டுப் பார்த்தார்கள். உச்சங்கள் இரண்டு. இரண்டும் வாயுவை விட்டுத் தள்ளி, கேலக்ஸிகளோடு இரு பக்கமும் இருந்தன. நிறையில் பெரும்பகுதி எதனோடும் மோதாமல் கடந்துபோயிருக்கிறது. தெரியும் பொருள் ஓரிடம், நிறை வேறிடம். விதியை மட்டும் திருத்தி இதை விளக்குவது மிகக் கடினம்.

ஆனால் என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் வலுவான சான்று புல்லட் கொத்துகூட இல்லை. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது வெளிப்பட்ட ஒளி இன்றும் வானம் முழுக்க மைக்ரோவேவாக வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கு மாறுகிறது. அன்றைய பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருளும் ஒளியும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. ஈர்ப்பு அதை ஒரு பள்ளத்துக்குள் இழுக்கும், ஒளியின் அழுத்தம் வெளியே தள்ளும். இப்படி உள்ளும் புறமும் அசைந்து ஒலி அலைகளைப் போல அலைகள் உண்டாயின. கரும்பொருளை ஒளி தள்ளாது. அது பள்ளத்திலேயே தங்கி, பள்ளத்தை இன்னும் ஆழமாக்கும். எனவே உள்ளே அமுங்கும் அலைகளின் தடம் பலமாகவும், வெளியே விரியும் அலைகளின் தடம் பலவீனமாகவும் பதிய வேண்டும். இந்த அலைகளின் பலத்தை அளவுவாரியாகக் காட்டும் வரைபடத்தில் முதல், மூன்றாம் உச்சங்கள் உள்ளே அமுங்கியவை, இரண்டாவது வெளியே விரிந்தது; அவற்றை ஒப்பிட்டால் கரும்பொருளின் அளவு வந்துவிடும். 2009 முதல் 2013 வரை பிளாங்க் விண்கலம் அளந்ததில் கிடைத்த விடை: பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம், கரும்பொருள் சுமார் 27 சதவீதம். மீதி கரும் ஆற்றல், அது தனிக் கதை. அந்த 5க்கும் 27க்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள், கேலக்ஸிக் கொத்துகளில் கிடைத்த விகிதமேதான். அந்தக் காலத்தில் ஒரு விண்மீன்கூடப் பிறந்திருக்கவில்லை. விண்மீன்களை எடை போட்டதில் பிழை என்ற வாதம் இங்கே வந்து நிற்க இடமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. லட்சத்தில் ஒரு பங்கு மேடுபள்ளம் 1,380 கோடி ஆண்டுகளில் தானாக இன்றைய கேலக்ஸிகளாக வளர்ந்திருக்க முடியாது, நேரம் போதாது. ஒளியின் தொந்தரவு இல்லாமல் முன்கூட்டியே குவியத் தொடங்கிய ஒரு பொருள் தேவை.

விதியைத் திருத்துவோர் தரப்பைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. 1983இல் இஸ்ரேலின் மோர்டெகாய் மில்க்ரோம், பூமியில் நாம் உணரும் முடுக்கத்தில் சுமார் 8,000 கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போனால் ஈர்ப்பு வேறு விதமாக நடந்துகொள்கிறது என்று வைத்துக்கொண்டார். தனித்தனிக் கேலக்ஸிகளின் சுழற்சிக்கு இது வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது, அந்தப் பொருத்தத்துக்குக் கரும்பொருள் தரப்பினரும் முழுத் திருப்தியான விளக்கம் தர வேண்டியிருக்கிறது. ஆனால் கேலக்ஸிக் கொத்துகளுக்கு வந்தால் அங்கேயும் நிறை போதாமல் காணாத பொருள் கேட்கிறது. பின்னணிக் கதிர்வீச்சின் மூன்றாம் உச்சத்திலும் தடுமாறுகிறது.

ஒளிராத சாதாரணப் பொருளாக, அணைந்த விண்மீன்களாகவோ கருந்துளைகளாகவோ இருக்கக் கூடாதா என்றும் தேடினார்கள். 1990களில், பால்வீதிக்கு அருகே உள்ள குட்டிக் கேலக்ஸியான மெகல்லன் பெருமேகத்தின் லட்சக்கணக்கான விண்மீன்களை வருடக்கணக்கில் கண்காணித்து, குறுக்கே ஏதாவது போகும்போது ஒளி தற்காலிகமாகக் கூடுகிறதா என்று பார்த்தார்கள். சில நிகழ்வுகள் கிடைத்தன, போதுமான எண்ணிக்கை கிடைக்கவில்லை.

அப்படியானால் நம் சூரியக் குடும்பத்தில் ஏன் அது தெரியவில்லை என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் மிக மிக மெலிதாக. நம் பகுதியில் அதன் அடர்த்தி, இரண்டு மூன்று கன சென்டிமீட்டருக்கு ஒரு புரோட்டானின் நிறை. பூமி அளவு இடத்தில் எந்த நேரமும் இருப்பது ஒரு கிலோவுக்கும் குறைவு. பூமியின் பாதைக்குள் அடங்கும் முழுக் கோளத்திலும் உள்ள கரும்பொருளைத் திரட்டினாலும் ஓரிரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு சிறுகோள் அளவுதான் தேறும். சூரியனுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. விண்மீன்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் அவ்வளவு பெரியது என்பதால்தான் கேலக்ஸி அளவில் அது ஜெயிக்கிறது.

அது என்ன துகள் என்பதற்கு இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியிலும், அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பழைய தங்கச் சுரங்கத்திலும் டன் கணக்கில் திரவ செனானை வைத்து, ஒரு துகளாவது வந்து அதில் மோதுமா என்று காத்திருக்கிறார்கள். இன்னும் சிக்கவில்லை. ஆனால் ஈர்ப்பை மட்டும் வைத்தே அதன் குணத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் எனக்கு இப்போது மிகவும் ஆர்வமூட்டும் பகுதி. துகள்கள் ஆரம்பத்தில் மெதுவாக நகர்ந்திருந்தால் கரும்பொருள் சிறு சிறு கட்டிகளாகவும் திரண்டிருக்கும். வேகமாக ஓடியிருந்தால் சிறிய கட்டிகள் அழிந்திருக்கும். ஆகவே விண்மீனே இல்லாத சிறு கட்டிகளைத் தேடுகிறார்கள். பால்வீதியைச் சுற்றி நூல்போல நீண்டு கிடக்கும் விண்மீன் ஓடைகளில் தெரியும் இடைவெளிகள் ஒரு தடயம், ஏதோ ஒன்று ஊடுருவிப் போயிருக்கலாம். ஒளி வில்லைகளில் தெரியும் சிறு நெளிவுகள் இன்னொன்று. 2025இல் உலகின் பல ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றிணைத்துப் பார்த்தவர்கள், ஓர் ஒளி வில்லில் இருந்த நுண்ணிய நெளிவை வைத்து, சூரியனைப் போல சுமார் 10 லட்சம் மடங்கு நிறையுள்ள, ஒளியே இல்லாத ஒன்றைக் கண்டறிந்தார்கள். அவ்வளவு தொலைவில் இவ்வளவு சிறிய ஒன்றை ஈர்ப்பால் மட்டும் கண்டது இதுவே முதல் முறை. 2023இல் ஏவப்பட்ட யூக்ளிட் விண்கலமும், சிலியில் 8.4 மீட்டர் கண்ணாடியோடு 2025இல் முதல் படங்களை வெளியிட்ட வீரா ரூபின் ஆய்வகமும் இப்படிப்பட்ட வில்லைகளை ஆயிரக்கணக்கில் திரட்டித் தரும். அவற்றில் சிறு கட்டிகள் எத்தனை என்று எண்ணி முடித்தால், வேகமாக ஓடும் துகள்களை முன்வைக்கும் கோட்பாடுகளில் பல நிற்குமா விழுமா என்பது தெரிந்துவிடும்.